மின்சாரக் காரில் தொழில்நுட்பமா, கட்டுமானமா? அப்டேட்டில் சரியாகாததை முதலில் பாருங்கள்

கேட்டிருப்பது இதுதான். இரண்டு மின்சாரக் கார்கள் கடைசிவரை வந்து நிற்கின்றன. முதல் காரில் பெரிய தொடுதிரை, நீண்ட ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), வேகமான சார்ஜிங், அடிக்கடி வரும் மென்பொருள் அப்டேட் எல்லாம் உண்டு. ஆனால் கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் கேட்கிறது. பானட் ஓரத்து இடைவெளி இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் இருக்கிறது. இரண்டாவது கார் கெட்டியாக, நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் மென்பொருள் மந்தம், சார்ஜ் ஏற நேரமாகிறது. எட்டுப் பத்து வருடம் வைத்து ஓட்ட எண்ணம். எதற்கு அதிக மதிப்புக் கொடுப்பது?

பல வருடங்களாக மின்சாரக் கார்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பத்தை ஒரு தட்டிலும் கட்டுமானத்தை இன்னொரு தட்டிலும் வைத்து எடை போடாதீர்கள். வாங்கிய பிறகு சரிசெய்ய முடிகிறவற்றை ஒரு தட்டில் வையுங்கள், முடியாதவற்றை இன்னொரு தட்டில் வையுங்கள். அந்த இரண்டாவது தட்டைப் பார்த்து முடிவெடுங்கள். இப்படிப் பிரித்தால் தொழில்நுட்பத்தில் பாதி இந்தத் தட்டுக்கும் பாதி அந்தத் தட்டுக்கும் போய்விடும். கட்டுமானமும் அப்படித்தான்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில், நுகர்வோருக்காகப் பொருட்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டெஸ்லா மாடல் எஸ் பி85டி காரைச் சோதித்து 100க்கு 103 மதிப்பெண் கொடுத்தது. அளவுகோலுக்குள் அடங்கவில்லை என்று அளவுகோலையே மாற்ற வேண்டியிருந்தது. இரண்டே மாதம் கழித்து, அக்டோபரில், அதே அமைப்பு மாடல் எஸ் காருக்குக் கொடுத்திருந்த பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கார் வைத்திருந்த சுமார் 1,400 பேரிடம் விசாரித்ததில் மோட்டார் பகுதி, சார்ஜிங் கருவி, நடுத்திரை, பாடியிலிருந்து வரும் கிரீச் சத்தம், தண்ணீர் கசிவு என்று புகார்கள் வந்திருந்தன. இரண்டு தீர்ப்புகளுமே சரிதான். முதலாவது அந்தக் கார் ஒரு நாளில் என்ன செய்யும் என்று சொன்னது. இரண்டாவது, அது வருடக்கணக்கில் எப்படி இருக்கும் என்று சொன்னது. பத்து வருடம் வைத்திருக்கப் போகிற உங்களுக்கு இரண்டாவது தீர்ப்புதான் முக்கியம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2018 மே மாதம் அதே அமைப்பு டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் நிற்க 152 அடி ஆனது. அந்த அளவுக் காருக்கு இது மோசம். பரிந்துரை கிடையாது என்றார்கள். சில நாட்களில் டெஸ்லா ஒரு அப்டேட்டைக் காற்று வழியே அனுப்பியது. மறுபடி அளந்தபோது 133 அடி. யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை. 19 அடி என்பது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். எதிரே ஒருவர் குறுக்கே வந்தால் அந்த 19 அடியில் ஒரு உயிர் இருக்கிறது. மென்பொருளை அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் அங்கே என்ன நடந்தது என்று கவனியுங்கள். பிரேக் டிஸ்க், காலிப்பர், டயர் எல்லாம் ஏற்கெனவே நன்றாக இருந்தன. அவற்றை ஆட்டிவைக்கும் கணக்குதான் தப்பாக இருந்தது. அதனால்தான் அப்டேட் வேலை செய்தது. டிஸ்க்கே சிறியதாக இருந்திருந்தால் எந்த அப்டேட்டும் அதைப் பெரிதாக்கியிருக்காது.

இனி தொழில்நுட்பத்தையே இரண்டாகப் பிரிப்போம். பேட்டரி செல், அதைக் குளிர்விக்கும் அமைப்பு, மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், காரின் மின்னழுத்தம் ஆகியவை எலும்பு மாதிரி. வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. திரை, வழிகாட்டி, செயலி, ஓட்டுநர் உதவி வசதிகள் ஆகியவை சட்டை மாதிரி. மாறும், கூடும், சில சமயம் கழன்றும் போகும். விளம்பரங்கள் சட்டையைத்தான் காட்டுகின்றன.

எலும்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிசான் லீஃப் போதும். 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த கார். அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. தானாக ஆறட்டும் என்று விட்டிருந்தார்கள். மற்றபடி அடக்கமாக, ஒழுங்காகக் கட்டிய கார்தான். 2012ல் அரிசோனா வெயிலில் ஓடிய கார்களின் பேட்டரித் திறன் மளமளவென்று குறையத் தொடங்கியது. புகார்கள் குவிந்த பிறகு நிசான் பேட்டரித் திறனுக்கென்று தனி வாரன்டி அறிவிக்க வேண்டியதாயிற்று. கதவு எவ்வளவு கெட்டியாகச் சாத்தினாலும், வெயிலில் வேகும் செல்லுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே உங்கள் இரண்டாவது காரைப் பற்றி நான் முதலில் கேட்பது இதுதான்: பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா? இல்லையென்றால் அதன் நேர்த்தியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

அந்த எலும்புக்குள்ளேயும் கட்டுமானம் இருக்கிறது. ஷெவர்லே போல்ட் காரின் பேட்டரி காகிதத்தில் நல்ல பேட்டரி. எல்ஜி தயாரித்த செல்களில் சிலவற்றில் ஆனோடு (எதிர்மின் முனை) தகட்டின் நாக்குப் போன்ற இணைப்பு கிழிந்தும், நடுவில் இருக்கும் மெல்லிய பிரிப்பான் மடங்கியும் இருந்தன. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து. 2021ல் அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களையும், சுமார் 1.4 லட்சம் கார்களை, திரும்ப அழைத்தார்கள். பிளாஸ்டிக் தாள் மடங்குவது போன்ற ஒரு சின்னக் குறை. அதைத் தொழில்நுட்பக் குறை என்பதா, கட்டுமானக் குறை என்பதா? பட்டறையில் இருக்கும் எங்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கோடே தெரியாது.

திரையின் கதையும் அதுவே. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி நினைவகச் சிப் ஒன்று இருந்தது. கார் ஓடுகிற நேரமெல்லாம் அதில் பதிவுகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த மாதிரிச் சிப்பில் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கணக்குத் தீர்ந்தால் திரை இருண்டுவிடும். பின்பக்கக் கேமரா போய்விடும், கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் வசதியும் போய்விடும். 2021ல் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். தொழில்நுட்பத்துக்கும் தேய்மானம் உண்டு. திரை எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்கள், அதற்குப் பின்னால் இருப்பதை மாற்ற என்ன ஆகும், எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்க வேண்டும்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். இங்கேயும் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுமே தெரிகிற வகை. கதவுச் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டும் தார் போன்ற அதிர்வு அடக்கி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங், பூட்டின் வடிவம் ஆகியவற்றை வைத்து அந்தச் சத்தத்தை நிறுவனங்கள் வேண்டுமென்றே இழைத்து இழைத்து உருவாக்குகின்றன. 'டப்' என்று கனமாகக் கேட்டால் நமக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் மோதும்போது காப்பாற்றுவது கதவுக்குள் இருக்கும் எஃகுச் சட்டமும் தூண்களும்தான். அவை சத்தத்தில் தெரியாது. பேனல் இடைவெளியும் அப்படித்தான். 2018ல், கார்களைப் பிரித்து ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியாளர் சாண்டி மன்ரோவின் குழு ஒரு மாடல் 3 காரை அக்கக்காகப் பிரித்தது. பாடி வேலையை அவர் கடுமையாகக் குறை சொன்னார். அதே காரின் பேட்டரியையும் மின்னணுப் பலகைகளையும் மனம் திறந்து பாராட்டினார். இரண்டும் ஒரே காரில் இருக்க முடியும்.

அதனால் இடைவெளி கோணலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு காரை ஒதுக்க மாட்டேன். ஆனால் அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்வேன். வெளியே தெரிகிற இடத்திலேயே இப்படி விட்டிருக்கிறார்கள் என்றால், தெரியாத இடத்தில் எப்படி விட்டிருப்பார்கள் என்று தேடிப் பார்ப்பேன்.

அப்படித் தேட நான் கற்றுக்கொண்டது ஒரு காரால். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஓடும்போது அவ்வப்போது மஞ்சள் எச்சரிக்கை வரும், தானாகப் போய்விடும். கம்ப்யூட்டரை மாட்டினால் தகவல் தொடர்புப் பிழை என்று காட்டும். அப்டேட் போட்டு அனுப்பினோம். திரும்பி வந்தது. மறுபடி போட்டோம். மூன்றாம் முறை, எதற்கும் பார்க்கலாம் என்று டிக்கியில் விரித்திருந்த பாயைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று ஈரம். பின்விளக்கைக் கழற்றினோம். அதைச் சுற்றியிருந்த ரப்பர் கேஸ்கெட்டின் ஒரு மூலை, விரல் நகம் அளவுக்கு, உள்பக்கமாக மடங்கி உட்கார்ந்திருந்தது. தயாரித்த அன்றே அப்படி மாட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அந்த மூலையில் இறங்கி, வயரிங் ஓடும் வழியே வழிந்து, கனெக்டருக்குள் தேங்கியிருந்தது. பின்களில் பச்சை பூத்துவிட்டது. உரிமையாளர் அதுவரை சாஃப்ட்வேர் சரியில்லை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அதை நம்பி அவருடைய இரண்டு மாதத்தை வீணாக்கினோம். அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

மின்சாரக் காரில் இந்த மறைந்த கட்டுமானம் பெட்ரோல் காரைவிட அதிகமாகப் பேசும். ஒன்று, என்ஜின் சத்தம் கிடையாது. பெட்ரோல் காரில் அமுங்கிப்போகிற ஒவ்வொரு கடகடவும் இங்கே காதில் விழும். இரண்டு, எடை. பேட்டரி மட்டும் பல நூறு கிலோ. அந்தப் பாரத்தை வருடக்கணக்கில் தாங்குவது சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டுகளும்தான். மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவிசையையும் தருவதால் டயருக்கும் ஆக்ஸிலுக்கும் வேலை கூடுதல். மூன்று, காரின் அடியில் ஒரு பெரிய மின்பெட்டி. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே கசியக்கூடாது என்று பொருள். புதிதாக இருக்கும்போது அதில் தேறுவது பெரிதில்லை. எட்டாவது வருடமும் அந்த சீல் பிடித்திருக்க வேண்டும்.

தலைப்புச் செய்தித் தொழில்நுட்பமும் அடித்தளக் கவனக்குறைவும் ஒரே வண்டியில் சேர்ந்ததற்கு டெஸ்லாவின் சைபர்டிரக்கைச் சொல்லலாம். 48 வோல்ட் மின்அமைப்பு, சக்கரத்தோடு நேரடி இணைப்பே இல்லாத மின்வழி ஸ்டீயரிங் என்று அதில் நிஜமாகவே புதுமைகள் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். காரணம் சோப்பு. ஆக்ஸிலரேட்டர் பெடல் மேல் மாட்டும் தகடு எளிதாக ஏறட்டும் என்று, அனுமதி இல்லாமல் யாரோ சோப்பைத் தடவி மாட்டியிருக்கிறார்கள். அந்த வழுக்கலில் தகடு நகர்ந்து மேலே சிக்கிக்கொண்டால் வண்டி முழு வேகத்தில் பாயும். அடுத்த வருடம் வெளிப்புற எஃகுப் பட்டை ஒன்றின் பசை விட்டுப்போகிறது என்று 46,000க்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தார்கள். சோப்புக்கும் பசைக்கும் அப்டேட் கிடையாது.

அதற்காகப் பழைய, பேர்போன நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கட்டுமானத்துக்கு உலகமே டொயோட்டாவைத்தான் கைகாட்டும். 2022 மே மாதம் அவர்கள் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் காரை விற்கத் தொடங்கினார்கள். ஜூனில் சுமார் 2,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடலாம் என்ற நிலை. தீர்வு தயாராக அக்டோபர் ஆனது. பெயருக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் புது மாடலின் முதல் வருடத்தில் எந்தப் பெயரும் காப்பாற்றாது. அந்தக் கார் சந்தைக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது என்பதை நான் கட்டாயம் பார்ப்பேன்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மேக்னா ஸ்டேயர் என்ற தொழிற்சாலை இருக்கிறது. மற்ற நிறுவனங்களுக்காகக் கார் கட்டிக்கொடுப்பது அவர்கள் தொழில். மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் அங்கேதான் உருவாகிறது. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. 2018ல் வந்த ஜாகுவார் ஐ-பேஸும், பின்னால் வந்த ஃபிஸ்கர் ஓஷனும் அதே ஆலையில் பிறந்தவை. ஐ-பேஸ் 2019ல் உலகின் சிறந்த கார் விருதை வாங்கியது. பிறகு வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய பேட்டரியின் தீ அபாயத்தால் திரும்ப அழைக்கப்பட்டது. ஓஷன் அரைகுறை மென்பொருளோடு வெளியே வந்தது. ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தது. காரை ஓட்டும் மென்பொருளைப் பராமரிக்க ஆளில்லாமல், உரிமையாளர்களே சங்கம் அமைத்துப் போராட வேண்டி வந்தது. அருமையான கைகள் கட்டிய கார்கள் என்பது இந்த இரண்டையும் காப்பாற்றவில்லை. மென்பொருளை நம்பியிருக்கும் காரை வாங்குவது, அந்த நிறுவனம் பத்து வருடம் இருக்கும் என்று நம்பி வாங்குவது. உங்கள் முதல் காரின் நிறுவனம் எவ்வளவு ஊன்றி நிற்கிறது என்பதையும் யோசியுங்கள்.

திரையைப் பற்றி ஒன்று. 2022ல் ஸ்வீடனின் வி பீலேகாரே பத்திரிகை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையை மாற்றுவது, ரேடியோவை வைப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொல்லிப் பல கார்களை ஒப்பிட்டது. 2005ஆம் வருடத்து வால்வோ வி70, எல்லாமே பொத்தான், 10 விநாடியில் முடித்தது. எம்ஜி மார்வெல் ஆர் என்ற புது மின்சாரக் காரில் 44.9 விநாடி ஆனது. அதற்குள் கார் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பொத்தானைத் திரைக்குள் போடுவது தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம். அதை முன்னேற்றம் என்ற கணக்கில் நீங்கள் சேர்க்க வேண்டாம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற சிலவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அதேபோல், பழசு என்று தோன்றுவது சில சமயம் நல்ல கட்டுமானமாக இருக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் வைத்தார்கள். இந்தக் காலத்தில் டிரம்மா என்று பலர் முகம் சுளித்தார்கள். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. திறந்த டிஸ்க் சும்மா இருந்து துருப்பிடிக்கும். மூடிய டிரம் அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது. யோசித்துச் செய்த வேலை அது.

இப்போது உங்கள் இரண்டு கார்கள். டெஸ்ட் டிரைவில் பாட்டு, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்து, நல்ல சாலையில் கொஞ்சம், மோசமான சாலையில் நிறைய போங்கள். புஷ் தளர்ந்த சத்தம் அடியிலிருந்து 'டொக்' என்று வரும். பிளாஸ்டிக் உரசும் சத்தம் மேலே கிரீச்சிடும். முதலாவது கவலை, இரண்டாவது எரிச்சல் மட்டுமே. பீடிங்கை விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். எங்கேயாவது மடங்கியோ தளர்ந்தோ இருந்தால் தெரியும். சார்ஜ் மூடியைத் திறந்து, உள்ளே விழும் தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி மின்சாரத்தில் இயங்குவது என்றால், விளக்கு, பூட்டு போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் உள்ளேயிருந்து கதவைக் கையால் திறக்கும் வழி எங்கே என்று கேட்டு, பின்கதவிலும் நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

முதல் கார் இவற்றில் தேறிவிட்டால், கதவுச் சத்தத்தையும் இடைவெளியையும் மன்னித்து அதை எடுக்கலாம். வேகமான சார்ஜிங் எலும்பைச் சேர்ந்தது, பின்னால் வாங்க முடியாது. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி கேளுங்கள். ஹூண்டாய் அயோனிக் 5 காரின் 800 வோல்ட் அமைப்பு, தகுந்த சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் எட்டுகிறது. அருமையான பொறியியல். அதே காரில் சின்ன பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி, 2024ல் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் பார்க்கும் மாடலில் இப்படித் தெரிந்த பழுது உண்டா, திருத்திய பாகம் பொருத்தியாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.

தேறவில்லை என்றால், அதாவது இடைவெளியோடு காற்றுச் சத்தமும் ஈரமும் சேர்ந்துகொண்டால், யோசிக்காமல் இரண்டாவதுக்குப் போங்கள். அதில் திரவக் குளிரூட்டல் இருந்து, திரைக்கு மட்டுமல்லாமல் பிரேக், மோட்டார், பேட்டரிக் கட்டுப்பாடுகளுக்கும் அப்டேட் வரும் என்றால் மந்தமான திரையோடு பத்து வருடம் வாழ்ந்துவிடலாம். இரவில் நிறுத்தும் இடத்திலேயே சார்ஜ் போடுபவருக்கு மெதுவான சார்ஜிங் நீண்ட பயணத்தில்தான் தெரியும். மாதத்தில் பல முறை ஒரே நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் போகிறவர் என்றால் மட்டும் அது பெரிய குறை. மூன்று வருடத்தில் காரை மாற்றுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் முதல் காரின் பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் பத்து வருடம் என்கிறீர்கள்.

முடிந்தால் இரண்டையும் ஒரு மழை நாளில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் போய் டிக்கி பாயைத் தூக்கி, பின்விளக்குக்கு நேர் கீழே இருக்கும் மூலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.